ஐந்து கட்டைக்கு ஒரு மயிரிழை மேலே

கானாடுகாத்தானில் அந்த வீட்டை
நாள் வாடகைக்கு எடுத்திருந்தோம்.
இரண்டாம் கட்டில், மதியம் இரண்டரைக்கு,
"ஒரு நிமிஷம், யாரும் அசையாதீங்க" என்றேன்.
வசனமெல்லாம் முடிந்த பிறகு
இடத்தின் வெறும் ஓசையைத் தனியே பதிய வேண்டும்.
அதற்கும் சேர்த்துத்தான் எனக்குச் சம்பளம்.

நாற்பத்தேழு பேர் நின்றார்கள்
துக்கம் கேட்க வந்தவர்கள் போல.
லைட்மேன் பூவலிங்கத்தின் வயிறு ஒருமுறை பேசியது.
ஹெட்போனுக்குள்
தேக்குத்தூண் சொடக்கு எடுத்தது,
முற்றத்துக் கம்பிவலையில் புறா நகம் மாற்றியது,
அதற்கும் அடியில்
ம்ம்ம் என்று ஓர் இழுப்பு,
மூச்சே வாங்காமல்.

ஜெனரேட்டரை அணைக்கச் சொன்னேன்.
அணைத்தார்கள். நிற்கவில்லை.
தெருக்கோடி டிரான்ஸ்பார்மர்.
"அதுக்கு யாரு சம்மன் அனுப்புறது?" என்றார் மேனேஜர்.

ஷாட் இதுதான்:
தாட்சாயிணி கதவைத் திறக்கிறாள்,
சாவிக்கொத்தோடு முற்றத்தில் இறங்குகிறாள்,
நின்று திரும்பிப் பார்க்கிறாள்.
பதினொரு நொடி.
அவள் கொன்றுவிட்டு வருகிறாளா
விட்டுவிட்டுப் போகிறாளா
இயக்குநர் இன்னும் முடிவு செய்யவில்லை.
"மியூசிக்ல பாத்துக்கலாம்."

காரைக்குடி லாட்ஜில், அறை எண் 206,
கட்டில்மேல் கீபோர்டை வைத்து ஆன்றோ பார்த்துக்கொண்டான்.
வயலின்களைப் படரவிட்டான்: தாலி அறுத்தவள்.
எடுத்துவிட்டு, தவிலில் ஓர் அடி, இடைவெளி, ஓர் அடி:
சாவிக்கொத்தில் ரத்தம் தேடின எங்கள் கண்கள்.
காலத்தைப் பாதியாக்கினான்,
மூன்றே படிகள் முப்பதாயின.
அந்தர காந்தாரத்தை அரைப்படி இறக்கியதும்
முற்றத்தில் விழுந்த வெயில்
காலை வெயிலாக இருந்தது
மாலை வெயிலாகிவிட்டது.
அதே மெட்டு, புல்லாங்குழலில்: பதினாறு வயது.
நாகஸ்வரத்தில்: பக்கத்து வீட்டில் கல்யாணம்,
இவளை யாரும் கூப்பிடவில்லை.

ஒரு கண்ணிமையும் மாறவில்லை திரையில்.
எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

மறுநாள் இட்லிக்கு நடுவே அவளிடமே கேட்டேன்,
திரும்பியபோது என்ன நினைத்தீர்கள் என்று.
"கல்லு சுட்டுச்சுங்க. செருப்பை எங்க விட்டேன்னு பாத்தேன்."

இதற்கிடையில் அந்த ம்ம்ம்.
எதைப் போட்டாலும் அடியில் உரசியது,
சுருதி சேராத தம்பூராவோடு
ஒரே வீட்டில் குடியிருப்பது மாதிரி.
அதை வடிகட்டினால் அவள் மூச்சும் சேர்ந்தே போனது.
மூன்றாம் இரவு ஆன்றோ
ஹெட்போனை என்னிடமிருந்து பிடுங்கிக் கேட்டான்.
"அஞ்சு கட்டை" என்றான்.
இன்னொருமுறை கேட்டு,
"அஞ்சு கட்டைக்கு ஒரு மயிரிழை மேல."

படத்தின் சுருதியையே அந்த மயிரிழைக்கு ஏற்றினான்.
டிரான்ஸ்பார்மருக்கு நாங்கள் பக்கவாத்தியம்.
பிறகு வயலினைத் தூக்கினான், தவிலைத் தூக்கினான்,
குழலை யோசித்துத் தூக்கினான்.
மிஞ்சியது ஒரு செல்லோ,
அதுவும் ம்ம்மோடு ஒட்டி, தனியே தெரியாமல்.
முதல் காட்சியிலிருந்தே
அந்த வீடு வரும்போதெல்லாம் அதைக் கசியவிட்டோம்,
கேட்காத அளவுக்கு.
அவள் திரும்பும் பதினோராவது நொடியில்
செல்லோ, ம்ம்ம், புறா
எல்லாவற்றையும் வெட்டினேன்.

அந்த இடம் சரியா என்று
பதிநான்கு தடவை மாற்றி வைத்திருப்பேன்.
இயக்குநர் பார்த்துவிட்டு, "எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார்.
எது என்று சொல்லவில்லை.

காரைக்குடித் தியேட்டரில் இரண்டாம் நாள், மாலைக் காட்சி.
அந்த வீட்டின் காவல்காரர் சோலைமலைக்கு
டிக்கெட் எடுத்துக் கொடுத்திருந்தேன்.
ராத்திரி முழுக்க அங்கே படுத்திருப்பவர்.
பாட்டுக்கெல்லாம் முறுக்குத் தின்றார்,
சண்டையில் லேசாகத் தூங்கினார்.
பதினோராவது நொடியில்
திடுக்கிட்டு நிமிர்ந்து
மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார்.

வெளியே வந்து சைக்கிள் பூட்டைத் திறந்தபடி சொன்னார்:
"அந்தம்மா திரும்புச்சு பாருங்க,
அப்ப மட்டும் நம்ம வீட்ல
கரண்டு போன மாதிரியே இருந்துச்சு."